துணைக்கால்

உங்கள் ஊரில் ஒரு பொருள் வேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்? எங்கள் வாய்க்கால்மேட்டில் பஞ்சாயத்துக் கிணற்றுக்குப் போய், குனிந்து, வேண்டியதைச் சொல்லிவிட்டு வருவோம். பொருள் வைத்திருக்கிறவர்கள் அதன் மேல் ஒரு சீட்டில் ஏதாவது எழுதிக் கட்டியிருப்பார்கள். கிணற்றில் சொன்ன சொல்லும் சீட்டில் இருக்கிற சொல்லும் ஒன்றாக இருந்தால், அந்தப் பொருள் எழுந்து நம் வீட்டுக்கு வந்துவிடும். ஒன்றாக இல்லையென்றால் அது அங்கேயே இருக்கும், நாம் இங்கேயே இருப்போம்.

போய்த் தூக்கிக்கொண்டு வரலாமே என்பீர்கள். வரலாம். ஆனால் தானாக வராமல் தூக்கி வந்த எதுவும் விடிந்தால் எடுத்த இடத்துக்கே திரும்பிவிடும். பால், கறிவேப்பிலை மாதிரி அன்றன்றைக்குத் தீர்ந்துபோகிற சாமான் என்றால் கவலையில்லை. குக்கர் என்றால் கொஞ்சம் சிரமம்.

நானே அப்படித் தானாக எழுந்து வந்தவள்தான். என் பெயர் கோகிலவாணி. எங்கள் அம்மா வீட்டில் என் மேல் கட்டியிருந்தது 'வாயாடி' என்கிற ஒரே சீட்டு. ஒரு நாள் காலையில் எழுந்து நடக்க ஆரம்பித்து பூபதி வீட்டு வாசலில் வந்து நின்றேன். கிணற்றில் அப்படி என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டால், இன்றுவரை அவருக்கு உடனே தண்ணீர் தாகம் எடுத்துவிடுகிறது.

இப்படி எல்லாருக்கும் சுலபமாகப் பொருந்திவிடாது. இல்லாதபோது ஒரு பொருளை நாம் கூப்பிடுகிற பேர் வேறு, இருக்கிறபோது அதற்கு வைக்கிற பேர் வேறு. எங்கள் அத்தை, அதாவது பூபதியின் அம்மா, முழங்கால் வலிக்காரர். அவர் கிணற்றில் சொன்னது 'மாடி ஏறோணும்' என்று. மளிகைக் கடையில் புட்டியின் மேல் இருந்த சீட்டு 'தைலம்'. தைலம் கடையிலேயே இருந்தது, அத்தை கீழேயே இருந்தார். இதில் இன்னொரு விஷயமும் உண்டு. கிணற்றில் தனியாக நின்று சொல்கிறோம், சீட்டை ஊர் பார்க்க எழுதுகிறோம். எங்கள் நாத்தனார் வீட்டு டீவியின் மேல் 'அம்பத்தஞ்சு இன்ச்சு' என்று கட்டியிருக்கிறது. அது வருவதற்கு முன்னால் அவர் கிணற்றில் என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். டீவி தூக்கி வந்ததுதான். தினமும் காலையில் கடைக்குப் போய்விட்டு, சாயங்காலம் ஆட்டோவில் திரும்பி வருகிறது.

அப்புறம் 'என்னுது'. எங்கள் ஊரில் எழுதத் தெரிந்த எல்லாரும் முதலில் எழுதுகிற சீட்டு அதுதான். ஒரு முறை யாரோ கோபத்தில் கிணற்றங்கரையில் நின்று 'என்னுது எங்க' என்று கத்திவிட, பாதி ஊர்ச் சாமான் அவர் வாசலில் வந்து நின்றுவிட்டது. ஆளுக்கு ஆள் வந்து, இது என்னுது, இது என்னுது என்று எடுத்துப் போனார்கள். விடிந்ததும் எல்லாம் அவர் வாசலுக்கே திரும்பின. நல்ல மனுஷன், எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தார்.

இதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் தாலுகாவிலிருந்து ஷைனி மேடத்தை அனுப்பியிருந்தார்கள். நாகர்கோவில் பக்கம். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவர், ஸ்கூட்டரில் வருவார். படித்தது கம்ப்யூட்டர். ஜனங்கள் தேடுபொறியில் என்ன தட்டித் தேடுகிறார்கள், அதையே கண்ட பிறகு படத்துக்குக் கீழே என்ன குறிச்சொல் போடுகிறார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற படிப்பாம். எங்கள் ஊரில் டவர் எடுக்காது, அதனால் கிணறு. மற்றபடி வேலை ஒன்றுதான் என்றார்.

அவர் வேலை செய்கிற அழகைப் பார்க்க வேண்டும். காலையில் கிணற்றைப் பார்த்துக்கொள்கிற ரங்கண்ணன் வாளியை இறக்கி, முந்தின நாள் விழுந்த சொற்களை இறைத்துக் களத்தில் கொட்டுவார். ஈரமாக, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஷைனி மேடம் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து ஈரம் போக உதறி வைப்பார். அப்புறம் வீடு வீடாகப் போய்ச் சீட்டுகளைப் படிப்பார். யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டார், எந்தச் சொல்லையும் பார்த்து முகம் சுளிக்க மாட்டார். வந்த முதல் வாரமே கடைக்காரரிடம் போய், "அண்ணே, தைலத்து மேல 'மாடி ஏறோணும்'னு ஒரு சீட்டு எழுதிக் கட்டுங்க" என்றார். பொழுது சாய்வதற்குள் புட்டி வந்துவிட்டது. அத்தை இப்போது மாடியில்தான் இருக்கிறார். சாப்பாட்டைக்கூட மேலே கொண்டுவரச் சொல்கிறார்.

ஆனால் பொருளுக்குத்தான் சீட்டை மாற்றலாம். ஆளுக்கு மாற்றக் கூடாது. மாற்றினால் வேறு ஆள் வந்துவிடும். மேலத்தெரு சரசாக்கா திருப்பூரிலிருக்கிற மகன் வரட்டும் என்று சீட்டை மாற்றி எழுதி அனுப்பி, ஒரு கணக்கு வாத்தியார் வந்து சேர்ந்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறார், தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கிறார்கள். அதே மாதிரி, சீட்டைப் படித்துவிட்டுப் போய்க் கிணற்றில் சொன்னாலும் செல்லாது. அந்தச் சொல் முங்காது, மேலேயே மிதக்கும்.

எனக்குச் சிக்கல் இங்கேதான்.

எங்கள் பாப்பா பிறந்தது தாலுகா ஆஸ்பத்திரியில். துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டுதான் வந்தோம். எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள். விடிந்தால் குழந்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும், அம்மாக்காரி முதல் பஸ்ஸில் போய் எடுத்து வருவாள். ஒரு வாரம், பத்து நாள். அதற்குள் மாசமாக இருந்தபோது அவள் கிணற்றில் சொன்ன ஏதோ ஒரு சொல்லும், வந்து பார்த்தவர்கள் குழந்தைக்குக் கட்டின ஏதோ ஒரு சீட்டும் பொருந்திவிடும். அப்புறம் குழந்தை வீட்டோடு தங்கிவிடும்.

எங்கள் பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டது. இன்னும் பொருந்தவில்லை.

சீட்டுக்குக் குறைச்சல் இல்லை. தூளியில் சீட்டுகளுக்கு நடுவே குழந்தையைத் தேட வேண்டியிருந்தது. 'அப்பன் மூக்கு', 'செவப்பு', 'தங்கம்', 'சமத்து', 'அழுகாச்சி'. நாத்தனார் 'அப்பறமாப் பாக்கோணும்' என்று கட்டிவிட்டுப் போனவர் இன்னும் வரவில்லை. பூபதி கட்டினது 'திங்கக்கெழமை'. ஏனுங்க இப்படி என்று கேட்டதற்கு, "எனக்கு நெனப்பு வர்றதுக்கோசரம் கட்டுனது, ஊருக்கா கட்டுனேன்" என்றார். நான் கிணற்றில் சொன்னவை வேறு. 'மாங்கா'. 'கால் வீக்கம் வடிய'. 'ஒருக்களிச்சுப் படுத்தா ஆகுமா'. 'உதைக்கலீன்னா'. இந்த இரண்டு பக்கத்தையும் ஷைனி மேடம் எத்தனை தடவை எதிரெதிரே வைத்துப் பார்த்தார் தெரியுமா. ஒரு எழுத்துகூட ஒட்டவில்லை.

நான் கவலைப்படுகிற ஆள் இல்லை. வெடியால எழுந்து, சோறு வடித்து, தூளி லேசாகத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு, பஸ் ஏறிப் போவேன். ஜன்னலோரக் கட்டிலில் பாப்பா காலை உதைத்துக்கொண்டு கிடக்கும். எஸ்தர் சிஸ்டர் அதன் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே, "உம்பொண்ணு எனக்கு முன்னாடி டூட்டிக்கு வந்துருது. சம்பளம் போடச் சொல்லட்டுமா?" என்பார். வாங்கி, பால் கொடுத்து, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

ஒரு நாள் சிஸ்டர் கேலி பேசவில்லை. "கோகிலா, ஆடி முடிஞ்சதும் இந்தக் கொழந்தை வார்டை ஜில்லா ஆஸ்பத்திரிக்கு மாத்தறாங்க. கட்டிலெல்லாம் அங்க போகுது."

"கட்டில் போனா?"

"கட்டில்லதானே பொறந்தா. கட்டில் எங்கயோ, அவ அங்க."

ஜில்லா ஆஸ்பத்திரிக்கு மூன்று பஸ் மாற வேண்டும். நான் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். எடுத்துக்கொண்டு வீடு வந்தால் பொழுது இறங்கிவிடும். விடிந்தால் மறுபடி அங்கே. குழந்தை பசியோடு எனக்காகக் காத்திருக்கிற நேரம்தான் அதிகமாக இருக்கும், என்னோடு இருக்கிற நேரம் கொஞ்சம். திரும்பி வருகிற பஸ்ஸில் முதல் முறையாக நான் யாரிடமும் பேசவில்லை. கண்டக்டர் உடம்புக்கு ஆகவில்லையா என்று கேட்டார்.

மறுநாள் காலை ஷைனி மேடம் ஸ்கூட்டரை வீட்டு வாசலில் விட்டுவிட்டு என்னோடு பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் யாராவது ஏதாவது கட்டியிருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார். பஸ் வரவில்லை. எங்கள் பஸ் எப்போதும் அப்படித்தான். நின்றுகொண்டிருந்த ஆளெல்லாம் எப்ப வரும், எப்ப வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இந்தச் சொல்லு கிணத்துலயும் நிறைய விழும்லா அக்கா" என்றார் ஷைனி மேடம். "ரங்கண்ணன் இதைப் பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டாரு. எல்லாத்தையும் பஸ் கணக்குன்னு களத்து மூலையில அள்ளிப் போட்டுருவாரு."

"நானும் நெறையாச் சொல்லியிருக்கறனுங் மேடம்."

"பஸ்ஸுக்கா?"

"பஸ்ஸை எதுக்குங்க கேக்கறது? அது வர்றப்ப வரும். பாப்பாவைத்தான் கேட்டேன். நாள் நெருங்குனதும் தெனமும் போயி எப்ப வரும், எப்ப வரும்னு."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகும் ஷைனி மேடம் அதையே யோசித்துக்கொண்டு வந்தார். அவர் யோசிக்கும்போது பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும், நெற்றியில் ஒரு சுருக்கம்கூட விழாது. ஆஸ்பத்திரியில் எஸ்தர் சிஸ்டரிடம், "சிஸ்டர், பிள்ளை பிறந்தப்ப நீங்க ஏதாவது கட்டுனீங்களா?" என்று கேட்டார்.

"நாங்க எல்லாக் கொழந்தைக்கும் மணிக்கட்டுல ஒண்ணு கட்டுவோம். அடையாளத்துக்கு."

"என்ன எழுதுனீங்க?"

"அவ பொறக்க நேரமாயிடுச்சு. அம்மாக்காரி மயங்கிக் கெடந்தா. கண்ணு முழிச்சு மொத மொதல்ல அதைத்தான் படிப்பான்னு 'வந்தாச்சு'ன்னு எழுதினேன். ஏன், தப்பா?"

அந்தப் பட்டை வீட்டில்தான் இருந்தது. பாப்பாவின் கை பருத்ததும் அவிழ்த்துத் தூளிக் கயிற்றில் கட்டியிருந்தேன். ஊர்ச்சீட்டு இல்லையே என்று யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனோம். மூலையில் வைக்கோல் போர் உயரத்துக்கு 'எப்ப வரும்' குவிந்து கிடந்தது. அவ்வளவும் பஸ் இல்லை. ஷைனி மேடம் பிரிக்கப் பிரிக்க மழை இருந்தது, கரண்ட் இருந்தது, குழாய்த் தண்ணீர், மகனுடைய போன், தூக்கம் எல்லாம் இருந்தது. "இந்த ஊர்ல எல்லாரும் கேக்குறது கடைசில இது ஒண்ணுதானாக்கும்" என்றார். சொல்லிவிட்டு ஒவ்வொன்றையும் தட்டிக்கொடுத்து வைத்தார்.

என்னுடையதை நானே கண்டுபிடித்தேன். அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நிறைமாசத்தில் மேடேறிப் போய்ச் சொன்ன சொல் இல்லையா.

ரங்கண்ணன் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வரும்ங்கறதும் வந்தாச்சுங்கறதும் ஒண்ணாகுமா அம்மிணி? ஒண்ணு இன்னும் வரலை. ஒண்ணு வந்துருச்சு. எழுத்தும் வேற."

"ஈரமா இருந்தா வேறதான் அண்ணே" என்றார் ஷைனி மேடம். "நீங்க உச்சிப்பொழுதுலயே அள்ளிருதீங்க. சாயங்காலம் வரைக்கும் கிடக்கட்டும்."

பாயை விரித்து இரண்டையும் காயப் போட்டோம். நான் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டு கோழி வராமல் பார்த்துக்கொண்டேன். நல்ல வெயில். வெயில் ஏற ஏறச் சொற்கள் சுண்டின. 'எப்ப' முதலில் பறந்துபோனது. 'ம்' தெறித்தது, பின்னால் 'ரு' உதிர்ந்தது. இந்தப் பக்கம் 'ச்சு' கழன்றது. 'ந்' காற்றில் போயிற்று. 'தா' உதிர்ந்தபோது அதன் துணைக்கால் மட்டும் விழாமல் நகர்ந்து, மிச்சமிருந்த எழுத்தை ஒட்டி நின்றுகொண்டது.

பொழுது சாயும்போது குனிந்து பார்த்தோம். பட்டையில் இருந்தது 'வா'. என் சொல்லில் இருந்தது வெறும் 'வ'.

ரங்கண்ணனுக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. "பாத்தியா. அதுல காலிருக்குது. இதுல இல்லை. காலில்லாம எப்படி வரும் கொழந்தை?"

ஷைனி மேடம் அந்த 'வ'வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். அவருக்கு அது ஒரு எழுத்துக் குறை. எனக்கு மூன்று பஸ். இருந்தாலும் அவர்தான் என்னைவிட அதிகமாகக் கலங்கினார், அந்த மனசுக்கு என்ன பேர் எழுதிக் கட்டுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அண்ணா, நான் மாசமா இருக்கறப்ப கால் வீக்கம் வடியோணும்னு சொன்னது எங்கீங்க?"

"அது எதுக்கு இப்ப? பொருந்தாத குவியல்ல கெடக்கும்."

தேடி எடுத்தோம். இத்தனை மாசத்தில் வீக்கம் நன்றாக வடிந்துவிட்டிருந்தது. கால் மட்டும் இருந்தது. என்னுடைய கால்தான், அடையாளம் தெரிந்தது. அதை எடுத்து 'வ' பக்கத்தில் வைத்தேன். ஒரு நிமிஷம் ஆடியது, அப்புறம் நின்றுகொண்டது.

ரங்கண்ணன் இந்தப் பக்கம் குனிந்து பார்த்தார், அந்தப் பக்கம் குனிந்து பார்த்தார். "ஆளோட சீட்டை மாத்தக் கூடாதுல்லொ?"

"மாத்தலை அண்ணே. காய வச்சோம்" என்றார் ஷைனி மேடம்.

"கெணத்துல சொன்ன சொல்லு?"

"அவங்க சொன்னதுதான. காலும் அவங்க சொன்னதுதான."

ரங்கண்ணன் தலையாட்டிவிட்டு, என் சொல்லைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டார். மிதக்குமா என்று மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். நேராக அடிக்குப் போனது.

பட்டையை நூலில் கோத்துப் பாப்பாவின் கையில் கட்டினேன். விடிந்ததும் வழக்கம்போலத் தூளி லேசாகத் தொங்கியது. நான் பஸ்ஸுக்குப் போகவில்லை. பூபதி சட்டை போட்டுக்கொண்டு, "நான் போயித் தூக்கிட்டு வந்தர்றேன், கொழந்தை பசியா இருக்கும்" என்று நாலு தடவை சொன்னார். அத்தை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தபடி நின்றார். ஷைனி மேடம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு எங்கள் படியில் உட்கார்ந்தார். கிணற்றில் போட்டதை வாயாலும் ஒரு தடவை சொல்லிவிடலாம் என்று, வாசலில் நின்று, ரோட்டைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டேன்.

"வா!"

ஒன்றும் நடக்கவில்லை. நெஞ்சில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. பூபதி செருப்பை மாட்டினார். ஷைனி மேடம், "இன்னொருக்கா. நல்லா சத்தமா" என்றார். எனக்கு மெதுவாகப் பேசவே வராது, உங்களுக்குத்தான் இப்போது தெரியுமே. ஊரே கேட்கிற மாதிரி கூப்பிட்டேன்.

ரோட்டுத் திருப்பத்தில் முதலில் புழுதி தெரிந்தது. அப்புறம் பாப்பா. இரண்டு கையையும் இரண்டு முழங்காலையும் ஊன்றி, பட்டை கட்டின கையை முன்னால் வைத்து, தவழ்ந்து வந்துகொண்டிருந்தது. அதுவரைக்கும் அது தவழ்ந்ததில்லை. அதன் பின்னால் பஸ் ஹாரன் அடிக்காமல் மெதுவாக உருண்டு வந்தது, நேரத்துக்கு முன்னாலேயே. பாப்பா வாசல் படியைப் பிடித்து எழுந்து நின்று என் சேலையை இழுத்தது. தூக்கினேன். முழங்காலெல்லாம் மண். பூபதி செருப்பைக் கழற்றி வைத்தார். அத்தை மாடியிலிருந்து கீழே இறங்கி வந்தே விட்டார். ஷைனி மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன், அவர் கையை விடுவித்துக்கொண்டு பாப்பாவின் முழங்காலைத் துடைத்தார்.

பஸ் போன பிறகு கிணறு வந்தது. 'வா' என்கிற சொல் யாரையும்விட அதன் வயிற்றில்தான் அதிகம் கிடந்தது. கைப்பிடிச் சுவர், உருளை, வாளி எல்லாவற்றோடும் தண்ணீர் தளும்பாமல் வந்து, எங்கள் வாசலில் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றது. தாம்புக்கயிற்றைக் கையில் பிடித்தபடி ரங்கண்ணனும் கூடவே வந்திருந்தார். அத்தை கொடுத்த மோரைக் குடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அம்மிணி, நாளைலிருந்து பாப்பாவைக் கூப்பிடறப்பக் கொஞ்சம் மெதுவாக் கூப்புடு சாமி. எனக்கும் வயசாச்சு, கெணத்தோட இவ்வளவு தூரம் நடக்க முடியறதில்லை."